கேப்டன் பதவி மறுக்கப்பட்ட பந்துவீச்சாளர் பால்வங்கர் பாலு

அறுவடை முடிந்து ஏரி வற்றியதும் நம் பக்கத்துப் பிள்ளைகள் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஓரிக்கையில் பாலாற்று மணலில் மூன்று குச்சி நட்டால் அதுதான் மைதானம். உத்திரமேரூர் பக்கம் ஏரி உள்வாயிலேயே ஆட்டம் நடக்கிறது. கபில்தேவ், சச்சின், தோனி, அஸ்வின் என்று பெயர்களை அடுக்கச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பையனும் அடுக்குவான். ஆனால் இந்தியா கண்ட முதல் பெரும் பந்துவீச்சாளர் யார் என்று கேட்டால், கல்லூரி மாணவர்களிலும் பலர் விழிக்கிறார்கள். அவர் பெயர் பால்வங்கர் பாலு. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். நம் பாடநூல்களில் அவருக்குப் போதிய இடம் இல்லை. அதனால் இந்த வாரம் அவரைப் பற்றிப் பேசுவோம்.

மாதம் நாலு ரூபாய் சம்பளம்

பாலு 1876-ல், இன்றைய கர்நாடகத்தில் உள்ள தார்வாடில் பிறந்தார். தோல் வேலையோடு பிணைத்துத் தாழ்த்தப்பட்ட சமார் சாதியைச் சேர்ந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கண் கரைப் பகுதி. பூர்வீக ஊரின் பெயரே குடும்பப் பெயரானது. தந்தை ராணுவத்தைச் சார்ந்து வேலை செய்தவர். அந்த வேலையை ஒட்டிக் குடும்பம் புனேயில் வாழ்ந்தது. பாலுவுக்குப் பின் சிவராம், கண்பத், விட்டல் என்று மூன்று தம்பிகள். வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடிக் கழித்துப் போட்ட பழைய மட்டையையும் பந்தையும் வைத்துத்தான் இந்த வீட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட் கற்றார்கள்.

பாலுவின் முதல் வேலை, புனேயில் பார்சிக்காரர்கள் நடத்திய ஒரு கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை உருட்டுவது. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 வாக்கில் வெள்ளையர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். களத்துக்குக் கோடு போடுவது, வலை கட்டுவது, டென்னிஸ் மைதானத்தைச் சீர் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. இடைப்பட்ட நேரத்தில், பயிற்சி எடுக்கும் வெள்ளைக்கார ஆட்டக்காரர்களுக்குப் பந்து போடும்படி சொன்னார்கள். இடது கையால் மெதுவாகச் சுழற்றிப் போட்ட அந்த இளைஞரின் பந்தை அவர்களால் எளிதில் அடிக்க முடியவில்லை.

அன்று இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார மட்டையாளர்களில் பெயர் பெற்றவர் கேப்டன் கிரெய்க். அவர் மற்றவர்களுக்கு முன்பே வந்து, பாலுவைப் பந்து போடச் சொல்லி மணிக்கணக்கில் பயிற்சி எடுப்பாராம். தன்னை ஒவ்வொரு முறை ஆட்டமிழக்கச் செய்யும்போதும் பாலுவுக்கு எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அந்தப் பயிற்சி உண்மை. ஆயிரக்கணக்கான பந்துகளை வீசி வீசியே பாலு தன் கலையைக் கற்றார்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தக் கிளப்பில் பாலுவுக்கு மட்டை பிடிக்க வாய்ப்பே தரவில்லை. மட்டை வீசுவது துரைமாருக்கும் ராஜாக்களுக்கும் உரிய வேலை. வெயிலில் ஓடிவந்து பந்து போடுவது கூலிக்காரன் வேலை. விளையாட்டுக்குள்ளேயும் மேல் வேலை, கீழ் வேலை என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

மைதானத்தில் ஒரு பந்து, வெளியே தனிக் குவளை

புனேயில் இந்துக்களுக்கென்று ஒரு கிளப் இருந்தது. வெள்ளையர் அணியை எப்படியாவது தோற்கடிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்குப் பாலு வேண்டும். ஆனால் அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அந்த அணியில் இருந்த மேல்சாதியாரிடம் பிணக்கு எழுந்தது. கடைசியில் ஜெயிக்கும் ஆசை வென்றது. பாலுவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்த்துக்கொண்டது மைதானத்துக்குள் மட்டும்தான். பாலு தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். அந்தப் பந்து மாட்டுத் தோலால் ஆனது. அதில் யாருக்கும் தீட்டு இல்லை. தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் உள்ளே போய்ப் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்ததும் உடைத்து எறியும் மண் குவளையில் தேநீர் வரும். சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவ வேண்டுமானால், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த இன்னொரு வேலைக்காரர் ஒரு மூலையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டீக்கடையில் இரட்டைக் குவளையையும் கொட்டாங்குச்சியையும் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அணிக்கு வெற்றி தேடித் தந்தவருக்கும் அதே குவளைதான் கிடைத்தது.

பாலுவின் பந்துவீச்சில் புனே இந்துக்கள் வெள்ளையர் அணிகளை வென்றபோது ஊரே பேசியது. நீதிபதியும் சீர்திருத்தவாதியுமான மகாதேவ கோவிந்த ரானடே பாலுவைப் பொது மேடையில் பாராட்டினார். ஒடுக்கப்பட்ட ஒருவருக்கு அன்று அப்படிப்பட்ட மரியாதை கிடைப்பது அரிது.

1906: பம்பாயில் ஒரு வெற்றி

புனேயில் பிளேக் பரவிய 1890-களின் பிற்பகுதியில் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். பிறகு ரயில்வே கம்பெனியில் வேலை கிடைத்தது. பம்பாயின் இந்து ஜிம்கானாவும் தயங்கித் தயங்கியே அவரைச் சேர்த்துக்கொண்டது.

அக்காலப் பம்பாய் கிரிக்கெட் மத வாரியாகப் பிரிந்து கிடந்தது. ஐரோப்பியர் ஓர் அணி, பார்சிகள் ஓர் அணி, இந்துக்கள் ஓர் அணி. 1912 முதல் முஸ்லிம்களும் சேர்ந்து நான்கு அணிப் போட்டியானது. இன்றைய ஐபிஎல் போலவே அதற்கும் கூட்டம் அலைமோதியது.

1906 பிப்ரவரியில் இந்து அணி ஐரோப்பியர் அணியை எதிர்கொண்டது. பாலுவும் தம்பி சிவராமும் அணியில் இருந்தார்கள். இந்துக்கள் 242, 160 ரன்கள் எடுத்தார்கள். ஐரோப்பியர் 191 ரன்னுக்கும், இரண்டாவது முறை 102 ரன்னுக்கும் சுருண்டார்கள். 109 ரன் வித்தியாசத்தில் வெற்றி. அதற்குப் பெரிய காரணம் பாலுவின் சுழல். ஆளும் வெள்ளையனை அவனுடைய ஆட்டத்திலேயே தோற்கடித்த சேதி நாடெங்கும் பரவியது. அந்தக் காலகட்டத்தில்தான் பம்பாய் ஆட்டக்காரர்கள் பாலுவோடு ஒரே இடத்தில் அமர்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். பத்தாண்டுக்கும் மேலாக விக்கெட் எடுத்த பிறகுதான் உடன் உட்காரும் உரிமை வந்தது.

இங்கிலாந்தில் 114 விக்கெட்

1911-ல் முதன்முறையாக அகில இந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அவர் சில ஆட்டங்களில்தான் களமிறங்கினார். மீதி நேரம் விருந்து, வரவேற்பு என்று போனது. அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது.

அந்தத் தோல்விகளுக்கு நடுவே 35 வயது பாலு மட்டும் ஓயாமல் பந்து போட்டார். மொத்த ஆட்டங்களில் 114 விக்கெட்டுகள். அவற்றில் முதல்தர ஆட்டங்களில் எடுத்தவை 75. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட் வீழ்த்தினார். அந்தப் பயணத்தில் இந்திய அணி வென்ற முதல்தர ஆட்டங்கள் இரண்டே இரண்டு. ஒன்று லெஸ்டர்ஷயருக்கு எதிராக, அதில் பாலுவின் பங்கு பெரிது. மற்றொன்று சாமர்செட்டுக்கு எதிராக, அதில் தம்பி சிவராம் சதம் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார்.

தாய்நாடு திரும்பிய பாலுவுக்குப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு விழா எடுத்தார்கள். அங்கே வாசித்தளித்த பாராட்டு மடலை எழுதியவர் ஒரு கல்லூரி மாணவர் என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா பதிவு செய்கிறார். அந்த மாணவரின் பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். அப்போது அவருக்கு 20 வயது. அந்தத் தலைமுறை இளைஞர்களுக்குப் பாலு ஒரு நம்பிக்கையாக இருந்தார்.

பந்து போடலாம், தலைமை தாங்கக் கூடாது

இனிமேல்தான் பாலுவின் வாழ்க்கையில் பெரிய போராட்டம் வருகிறது. அணியில் மூத்தவர் அவர். திறமையில் அவருக்கு மேல் யாரும் இல்லை. எதிராளியின் பலம், பலவீனம் எல்லாம் அறிந்தவர். அப்படியானால் அவர்தானே கேப்டன்? 1910 முதல் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வி எழுந்தது. ஒவ்வோர் ஆண்டும் இந்து ஜிம்கானா வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. பிராமணரான எம்.டி. பாய் கேப்டன் ஆனார். 1913-ல் தமக்கு நடந்த பாராட்டு விழாவில் அவரே, இந்தப் பதவி மூத்தவரான பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். ஆனால் முடிவு மாறவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் பெருமையோடு பேசுகிறோம். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை அவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, குலுக்கி எடுத்த முறை உலகம் வியப்பதுதான். ஆனால் அந்தக் குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு, இத்தனை வயது என்று தகுதிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. உழைத்து வரி நெல்லை விளைவித்தவனின் பெயர் ஓலையில் ஏறவே இல்லை. பாலுவின் கதையும் அப்படித்தான். தேர்வில் அவர் தோற்கவில்லை. அவருடைய பெயரே குடத்துக்குள் போகவில்லை.

1920-ல் பொறுமை எல்லை கடந்தது. நான்கு அணிப் போட்டி அந்த ஆண்டு புனேயில் நடந்தது. கேப்டன் பாய்க்கு உடல்நலம் சரியில்லை. அந்த இடத்துக்குப் பாலு வரவேண்டியவர். ஆனால் தேர்வுக் குழு பாலுவை அணியிலிருந்தே நீக்கிவிட்டு, இளையவரான டி.பி. தேவ்தரைக் கேப்டன் ஆக்கியது. அண்ணனுக்கு நேர்ந்ததைப் பார்த்த சிவராமும் விட்டலும் ஆட மாட்டோம் என்று விலகினார்கள். சாதியின் பெயரால் செய்த இந்த அவமதிப்பைத் தன்மானம் உள்ள எந்த ஆட்டக்காரனும் ஏற்க முடியாது என்ற பொருளில் பகிரங்க அறிக்கை வெளியிட்டார்கள்.

தீண்டாமைக்கு எதிரான பேச்சு நாட்டில் வலுத்துவந்த காலம் அது. செய்தித்தாள்களிலும் பொதுமக்களிடமும் சகோதரர்களுக்கு ஆதரவு பெருகியது. குழு பின்வாங்கியது. இறுதி ஆட்டத்துக்குப் பாலு துணைக் கேப்டனாக அழைக்கப்பட்டார். தம்பிகளும் திரும்பினார்கள். உடல்நலம் தேறித் தலைமை ஏற்ற பாய், ஆட்டத்தின் நடுவே வேண்டுமென்றே களத்தை விட்டு வெளியேறினார். அந்தச் சிறிது நேரம் அணியைப் பாலு வழிநடத்தினார். அப்போது அவருக்கு வயது 44.

பாலுவுக்குக் கிடைக்காததைத் தம்பி விட்டல் பெற்றார். 1923-ல் இந்து அணியின் கேப்டனாக விட்டல் பொறுப்பேற்றார். அந்த ஆண்டே ஐரோப்பியரை வென்று கோப்பையைக் கைப்பற்றினார். அவரை மேல்சாதி ரசிகர்களும் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அண்ணன் புனேயில் வெளியே நின்று மண் குவளையில் தேநீர் குடித்ததற்கும் இதற்கும் இடையே சுமார் 30 ஆண்டுகள்.

முதல்தர ஆட்டங்களில் பாலு மொத்தம் ஆடியது 33. எடுத்த விக்கெட் 179. ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்தது சராசரியாக 15 ரன்தான். இன்றைய கணக்கிலும் இது உயர்ந்த சாதனை. இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடியது 1932 ஜூனில். அப்போது பாலுவுக்கு 56 வயது. அதனால் டெஸ்ட் பட்டியல் எதிலும் அவர் பெயர் இருக்காது.

அம்பேத்கரோடு மாறுபட்ட பாதை

1932 பாலுவுக்கு வேறு வகையிலும் முக்கியமான ஆண்டு. ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதி என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். தனித் தொகுதியே நமக்கு அரசியல் பாதுகாப்பு என்பது அம்பேத்கரின் நிலை. கூட்டுத் தொகுதியில் இட ஒதுக்கீடு போதும் என்று சென்னையின் எம்.சி. ராஜா நின்றார். பாலுவும் ராஜாவின் பக்கம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாணச் சட்டசபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் சென்னை மாகாணத்துக்கு 30.

அந்தக் கையெழுத்துகளில் அம்பேத்கர், ராஜா, பாலு ஆகியோருடைய பெயர்களோடு இரட்டைமலை சீனிவாசன் பெயரும் இருக்கிறது. அவர் பிறந்த கோழியாளம் நம் உத்திரமேரூருக்கு அண்டை வட்டாரமான மதுராந்தகம் பக்கம்தான்.

1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் நின்றார். அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியது பாலுவை. அன்று ஒடுக்கப்பட்ட மக்களிடம் அம்பேத்கருக்கு இணையாகப் பெயர் சொல்லும்படி இருந்தவர் பாலு என்பதால்தான் காங்கிரஸ் அவரைத் தேர்ந்தது. சுமார் 2,000 வாக்கு வித்தியாசத்தில் அம்பேத்கர் வென்றார்.

இந்தப் பகுதியை மறைத்துப் பேசுவோரும் உண்டு. பாலுவைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோரும் உண்டு. இரண்டும் சரியில்லை என்று நாம் கருதுகிறோம். அந்தத் தேர்தலில் மக்கள் அம்பேத்கரைத் தேர்ந்தெடுத்தார்கள். வரலாறும் அவர் பக்கமே நின்றது. ஆனால் பல ஆண்டுகள் மேல்சாதி அணியோடு ஆடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்ததைத் தன் கண்ணால் கண்டவர் பாலு. உள்ளேயிருந்தே மாற்றலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்ததில் வியப்பில்லை. அதே கதவு கேப்டன் பதவிக்கு முன் எப்படி இறுக மூடியது என்பதையும் நாம் பார்த்தோம். இரண்டையும் சேர்த்து எடைபோடும் பொறுப்பு மாணவர்களுடையது.

கடல் கடந்து அதே கதை

பாலு 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி முதன்முறையாக உலகத் தொடர் கோப்பையை வென்றது. அந்த அணியில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் இருந்தார். பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம். பந்து போடுபவர் ஒருவர், தடி வீசுபவர் ஒருவர், பிறகு ஓட்டம்.

அமெரிக்காவின் பெரிய லீக் அணிகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கறுப்பினத்தவரைச் சேர்க்கவே இல்லை. அவர்கள் தங்களுக்குள் தனி லீக் நடத்தி ஆடினார்கள். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் அந்தத் தடையை உடைத்துக் களமிறங்கினார். பார்வையாளர்கள் வசைபாடினார்கள். சில ஊர்களில் சக வீரர்கள் தங்கிய விடுதியில் அவருக்கு அறை கிடையாது. அப்படியும் முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுக வீரர் விருது பெற்றார். 1949-ல் அந்த லீக்கின் மிக மதிப்புமிக்க வீரரானார். 1962-ல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்.

ஆனால் ராபின்சனுக்கும் தலைமை கிடைக்கவில்லை. களத்தில் கறுப்பர்கள் நிறைந்த பிறகும் ஓர் அணியைக்கூடக் கறுப்பினத்தவர் நடத்தவில்லையே என்று, 1972-ல் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, பல்லாயிரம் பேர் கூடிய மைதானத்தில் பேசும்போதும் சுட்டிக்காட்டினார். 1975-ல்தான் பிராங்க் ராபின்சன் என்பவர் பெரிய லீக்கின் முதல் கறுப்பின மேலாளர் ஆனார். பெயர் ஒன்றே தவிர இருவரும் உறவினர் அல்லர். கையின் உழைப்பு வேண்டும், ஆனால் அந்த ஆள் கட்டளை இடக் கூடாது என்ற எண்ணம் பம்பாயிலும் புரூக்ளினிலும் ஒன்றாகவே இருந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. ராபின்சன் அணிந்த 42-ஆம் எண்ணை 1997-ல் எல்லா அணிகளும் அவருக்காக ஒதுக்கி வைத்தன. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று எல்லா வீரர்களும் அந்த எண்ணை அணிந்து ஆடுகிறார்கள். அந்த நாட்டுக் குழந்தைகளுக்கு அவரைத் தெரியும். நம் குழந்தைகளுக்குப் பாலுவைத் தெரியவில்லை.

நம் ஊர் அணி

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊர் ஊராகக் கிரிக்கெட் போட்டி நடக்கிறது. ஊருக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி என்று தனித்தனியாகப் பேர் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஒரே அணியில் ஆடும் இடங்களிலும், வேகமாகப் பந்து போடக் காலனிப் பையன் வேண்டும், கேப்டன் பேரும் கோப்பை வாங்கும் கையும் வேறாக இருக்கும். ஆசிரியர்களும் போட்டி நடத்தும் பெரியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பள்ளி விளையாட்டு விழாவில் பாலுவின் கதையைப் பத்து நிமிடம் சொல்லலாம். அணி அமைக்கும்போது கேப்டனை வயதும் ஆட்டமும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

மாணவர்களுக்கு ஒன்று. நியாயம் கேட்க அண்ணன் தனியாக நின்றபோது, சிவராமும் விட்டலும் தங்கள் இடத்தை விட்டுவிட்டு அவரோடு வெளியே வந்தார்கள். இருவரும் அணியில் உறுதியான இடம் பெற்றவர்கள். இழப்பதற்கு அவர்களுக்கு நிறைய இருந்தது. 1923-ல் கேப்டன் பெயராக விட்டல் என்று எழுதப்பட்டதற்கு அந்த வெளிநடப்பும் ஒரு காரணம்.